ஆறாத லசானியா

மஞ்சக்கல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பில், மூன்றாவது லைனின் கடைசி வீட்டில், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கி வைத்த லசானியா அதற்குப் பிறகு ஆறவே இல்லை. சனிக்கிழமை ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போய் வந்து மூடியைத் திறந்து பார்த்தபோதும், ஓரங்களில் தக்காளிச் சாறு சின்னச் சின்னக் குமிழாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆடி பிறந்தது, ஆடி போனது, ஆவணியும் முக்கால்வாசி போனது. அது கெட்டும் போகவில்லை, கருகியும் போகவில்லை, இறக்கி வைத்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, மேலே பொன்னிறமாகச் சிவந்த பாலாடைக்கட்டியோடு, ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது.

அதைச் செய்தவர் சூசைமாணிக்கம். எஸ்டேட் ஃபாக்டரியில் டிரையர் பார்க்கிறவர். பச்சைக் கொழுந்து வாடி, நசுங்கி, கறுத்து, கடைசியில் சூட்டுக் காற்றில் காய்ந்து தூளாக விழுகிற பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர். சூடு பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. புறங்கையைக் காட்டினால் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒன்பது வருடமாக ஒற்றை ஆளுக்குச் சமைத்து, மிச்சத்தை மறுநாள் ஆறிப்போனபடியே சாப்பிட்டு வந்தார். தான் ஒருவருக்காகச் சோற்றைச் சூடுபண்ணுவது அவருக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

அவர் மனைவி ஜெசிந்தா இத்தாலியில் இருந்தாள். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலையிலிருந்து நின்றால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். கீழே சமவெளியில் எங்காவது ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம், ரெண்டே வருஷம் என்று சொல்லித்தான் போனாள். அங்கே ஒரு வயசான அம்மாவைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, சமைத்துப் போட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற வேலை. ரெண்டு வருஷம் நாலாயிற்று. நாலாவது வருஷம் அவளுடைய அம்மா இறந்தபோது பத்து நாள் வந்து போனாள். பிறகு நோய்க்காலம் வந்து விமானங்கள் நின்றன. பிறகு ஏதோ காகிதம் வரவில்லை. பிறகு அந்த வீட்டு அம்மாவால் தனியாக எழுந்து நிற்க முடியவில்லை. குழந்தை இல்லாத வீட்டில், இருந்த ஒருத்தியும் இல்லாமல், அவர் மட்டும் இருந்தார்.

ஞாயிறுதோறும் அவள் ஃபோன் செய்வாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், அங்க குளிரா, குளிர்தான். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சரி வைக்கட்டுமா என்பார்கள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் வேறு பேச்சு கிடைக்காமல், "இன்னிக்கு லசானியா செஞ்சேன்" என்றாள்.

"அப்படின்னா?"

"மாவத் தட்டையாத் தேச்சு, தாள் தாளா வெட்டி, ஒரு தாள், அது மேல தக்காளிக் கூட்டு, அது மேல வெள்ளைக் குழம்பு, திரும்ப ஒரு தாள்னு அடுக்கி அடுக்கி வேக வைக்கிறது."

"கறி போடுவாங்களா?"

"இங்க போடுவாங்க. எனக்குக் காய்தான். நான்தான் கறிய விட்டுட்டேனே."

"எப்ப விட்ட?"

"மூணு வருஷம் இருக்கும். குளிர் ஊர்ல கறி வாசனை வேற மாதிரி இருக்குங்க. வாய்கிட்ட கொண்டுபோக முடியல."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினார்கள். அடுத்த ஞாயிறு அவர், அந்த வெள்ளைக் குழம்பை எப்படிக் கட்டி தட்டாமல் கிண்டுவது என்று கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு, தாளின் கனம் எவ்வளவு என்று கேட்டார். பதிமூன்று ஞாயிறு அவர்கள் லசானியாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். பதினாலாவது ஞாயிறு அவள், "டிக்கெட் போட்டுட்டேங்க. ஆனி மொத வெள்ளிக்கிழமை நாலே முக்கால் பஸ்ஸுக்கு வந்துருவேன்" என்றாள். அவர், "அப்ப நான் செஞ்சு வைக்கிறேன்" என்றார்.

அதற்கு அவர் இரண்டு நாள் லீவு போட்டார். ஃபாக்டரி ஃபிட்டரிடம் சொல்லி, கொழுந்துத் தட்டு செய்கிற எவர்சில்வர் தகட்டில் நாலு விரல் உயரத்துக்குச் சதுரமாக ஒரு தட்டும் அதற்கு ஒரு மூடியும் அடித்து வாங்கினார். பாலாடைக்கட்டி வால்பாறையில் கிடைக்கவில்லை. பஸ் கண்டக்டர் பொள்ளாச்சியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மைதாவில் கொஞ்சம் ரவை சேர்த்து, முட்டை போடாமல், வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்தார். மழைக்காலத்து மாவு கட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பொறுமையாக மாவு தூவித் தூவி, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கி, பன்னிரண்டு தாள் வெட்டி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, ஈரத்துணியில் பரப்பினார். காரட்டும் பீன்ஸும் சௌசௌவும் பொடியாக அரிந்து பூண்டோடு வதக்கி, தக்காளியைத் தோலுரித்துச் சுண்டக் காய்ச்சினார். அவள் சொன்ன இத்தாலி இலை அவரிடம் இல்லை. கற்பூரவல்லி மாதிரி மணக்கும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து, வாசலில் டால்டா டின்னில் வளர்ந்த கற்பூரவல்லியிலிருந்தே ஆறு இலை கிள்ளிப் போட்டார். வெண்ணெயில் மைதாவை வாசம் போக வறுத்து, பாலைச் சிறுகச் சிறுக விட்டு, இருபது நிமிடம் கையெடுக்காமல் கிண்டினார். ஒரு கட்டி விழவில்லை.

ஓவனெல்லாம் ஏது? அண்டாவில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் தட்டை இறக்கி, அண்டாவை மூடி, மூடியின்மேல் கங்கு அள்ளிப் போட்டார். கீழே நெருப்பு, மேலே நெருப்பு. புறங்கையை அண்டாவின் பக்கத்தில் வைத்து, மூச்சை எண்ணிப் பார்த்து, ஒரு கங்கை எடுத்தார், இரண்டு கங்கைச் சேர்த்தார். முக்கால் மணி நேரம் அங்கேயே குந்தியிருந்தார். மூடியைத் திறந்தபோது, லைன் வீட்டுச் சுவர்கள் அதுவரை முகர்ந்திராத ஒரு வாசனை எழுந்து, பத்து வீட்டுக் கூரையும் ஒன்றுதான் என்பதால், பத்து வீட்டுக்கும் போயிற்று.

நாலே முக்கால் பஸ், குடையோடு காத்திருந்த அவர் முன்னால் மழையில் வந்து நின்றது. ஒரு சாக்கு மூட்டை இறங்கியது, இரண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள் இறங்கினார்கள். கண்டக்டர் தலையை நீட்டி, "அவ்வளவுதாண்ணே" என்றார்.

ஆறு மணிக்கு ஃபோன் வந்தது.

"அந்த அம்மா நேத்து காலையில விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு போச்சு. மகன் வேற நாட்டுல இருக்கான். நான் விமானத்துக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டேங்க. கைய விடமாட்டேன்னுட்டாங்க. நேத்துலேருந்து ஆஸ்பத்திரிதான், இப்பத்தான் ஃபோன் போட முடிஞ்சுது. ஒரு மாசம். ஒரே மாசம்."

"சரி."

"செஞ்சீங்களா?"

"செஞ்சேன்."

"ஆறிடுமே."

"ஆறட்டும்."

அது ஆறவில்லை. மறுநாள் காலையில் தட்டைத் தொட்டுவிட்டு அவர் கையை உதறினார். ஈரத்துணியைச் சுற்றி எடுத்து அலமாரிமேல் வைத்தார், பலகை சூடேறியது. தரையில் வைத்தார், சிமெண்டுத் தரையின் ஓதம் வட்டமாகக் காய்ந்து வெளுத்தது. சரி, இது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டு நடுவில் மூன்று செங்கல் கூட்டி அதன்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி. கனகுவின் பெண்டாட்டி. கொழுந்து பறிக்கிறவள். மாசம் திகையாமல் பிறந்த பெண்குழந்தை அவளுக்கு. பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, கையில் எடுத்தால் ஒரு பூனைக்குட்டி எடைதான் இருக்கும். கொஞ்சம் வெந்நீர் கேட்டு வந்தவள், வாசல்படியிலேயே நின்று, வீட்டுக்குள்ளிருந்து வந்த காய்ந்த காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டாள்.

"என்னண்ணே அது?"

"ஜெசிந்தாவுக்குச் செஞ்சது. ஆற மாட்டேங்குது."

அவள் குனிந்து உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தாள். "ஆமா, சூடாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "பிள்ளைத் துணிய இது மேல காட்டிக்கிடவாண்ணே? ஒண்ணுகூடக் காய மாட்டேங்குது" என்றாள்.

மஞ்சக்கல்லின் மழையைப் பார்த்தவர்களுக்கு அவள் ஏன் வேறொன்றும் கேட்கவில்லை என்பது புரியும். அங்கே ஆனியில் பிடிக்கிற மழை நாலு மாதத்துக்கு விடாது. தலையணை ஈரமாக இருக்கும், உப்பு ஈரமாக இருக்கும், தீக்குச்சி ஈரமாக இருக்கும், பெட்டிக்குள் மடித்து வைத்த கல்யாணப் பட்டில் பூஞ்சை பூக்கும். உலகத்தில் எங்கே எது அதிசயம் என்பதல்ல அங்கே கேள்வி, எது காய்கிறது என்பதுதான். ஒரு வாரத்தில் மூன்றாவது லைனின் பத்து வீட்டுத் துணியும் சூசைமாணிக்கத்தின் வீட்டில் கொடி கொடியாகத் தொங்கியது. இரண்டாவது வாரம் மற்ற லைன்களிலிருந்தும் வந்தார்கள். துணி போக, புளிக்க மறுத்த இட்லி மாவுப் பாத்திரங்கள் வந்தன. முறுமுறுப்புப் போன அப்பளம் வந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் வந்தன. அட்டைப்பூச்சிக்காகப் போடுகிற நீளக் காலுறைகள் வந்தன. மூட்டு வலிக்காரர்கள் முழங்காலைக் கொண்டுவந்து நீட்டி உட்கார்ந்தார்கள். யார் எந்த வேளைக்கு என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்தார்; முருகன் கோயில் பூசாரியும் வந்து பார்த்தார்; ஆடி மாதத்தில் துணி காயவைக்கிற ஒன்று கெட்டதாக இருக்க முடியாது என்று இருவரும் தனித்தனியே முடிவு சொல்லிவிட்டு, தனித்தனியே தங்கள் போர்வைகளை அனுப்பினார்கள்.

எஸ்டேட்டின் சின்ன துரை, உதவி மேனேஜர், படித்த பையன், ஃபாக்டரித் தெர்மாமீட்டரோடு வந்தார். நடுவில் குத்தினால் எண்பத்தெட்டு டிகிரி. மூன்று நாள் வந்து குத்திப் பார்த்தார், மூன்று நாளும் எண்பத்தெட்டு. "இதை ஃபாக்டரியில வெச்சா எல்லாருக்கும் பொதுவா இருக்குமே, மாணிக்கம்?" என்றார்.

"இது ஜெசிந்தாவோடதுங்க ஐயா."

"வெட்டாமலே வெச்சிருப்பீங்களா?"

"அவ வர்ற வரைக்கும்."

சின்ன துரை தலையாட்டிவிட்டுப் போய், சாயங்காலம் தன் நனைந்த ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பினார்.

யானைகளும் வந்தன. மழைக்காலத்தில் அவை லைன் வீடுகளின் சுவரை உடைத்து அரிசியும் உப்பும் எடுப்பது வழக்கம். அந்த வருஷம் ஒரு தாயும் குட்டியும் அந்தி சாயும் நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வந்து, கடைசி வீட்டின் பின்சுவரில் விலாவை ஒட்டிக்கொண்டு, அரை மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, ஒரு ஓடுகூட உடையாமல் திரும்பிப் போயின. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் போடாமல் மடித்தார்கள். மறுநாளும் அவை வந்தன. அதற்குப் பிறகு, அந்த நேரம் யானைகளுடைய வேளை என்று ஆகிவிட்டது.

இவ்வளவு பேர் வந்துபோகும் வீட்டில் சூசைமாணிக்கம் முன்னைவிடத் தனியாக இருந்தார். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் வீடு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமை அவருக்குப் பழகியது, அதன் மூலைகள் எல்லாம் அவருக்குத் தெரியும். இப்போது கதவைத் திறந்தால் ஊரான் வீட்டுப் பாவாடைகளும் சட்டைகளும் ஆள் உயரத்துக்குத் தொங்கும். அவற்றை விலக்கி விலக்கித் தன் பாய் வரைக்கும் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், சிரிப்பார்கள், அவர் வந்தால் கால்களை மடக்கி வழி விடுவார்கள். கதவுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை, கதவுநிலையை யாரும் நலம் விசாரிப்பதில்லை. அவரும் அந்த வீட்டின் ஒரு கதவுநிலையாகவே ஆகிவிட்டார். அந்தத் தட்டில் இருப்பது ஒரு சாப்பாடு என்பதைக்கூட ஊர் மறந்துவிட்டது. அது எப்படி ருசிக்கும் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அவர் பலமுறை யோசித்தார், வெட்டி ஒரு வாய் தின்று பார்த்துவிடலாமா என்று. கத்தியைக்கூட ஒருநாள் எடுத்தார். தட்டுக்குப் பக்கத்தில் பழம்புடவைத் தூளியில் முத்துப்பேச்சியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, மழை முடியுற வரைக்கும் வெட்டிராதீங்க" என்றாள். "இங்க போட்ட பொறவுதான் அவ மூச்சு சீரா வருது. கால் விரல் நீலமா இருந்துச்சு, இப்ப பாருங்க. உங்க கால்ல விழுறேன்."

"எந்திரி. நான் வெட்டல."

ஜெசிந்தாவிடம் அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால், நீ வராததால்தான் என்று குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும் என்று பயந்தார். ஒரு மாதம் இரண்டாகி, இரண்டு மூன்றாகிக்கொண்டிருந்தது. லசானியாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஆனதும், பேச வேறொன்றும் இல்லாமல் போயிற்று. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். ஆவணியில் ஒரு ஞாயிறு, அவர் அப்படியே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், முத்துப்பேச்சி அதைப் பிடுங்கினாள்.

"அக்கா, நான் பக்கத்து வீட்டுப் பேச்சி. நீங்க சொல்லிக் குடுத்த அந்தப் பலகாரம் இன்னும் ஆறலக்கா. அன்னிக்கு எறக்கி வெச்ச சூடு அப்படியே இருக்கு. ஊரே அதுலதான் குளிர் காயுது. அண்ணன் மட்டும் அதுகிட்ட வந்து உக்காந்து நான் பார்த்ததில்ல."

மறுமுனையிலிருந்து, "அவர்கிட்ட குடு" என்று கேட்டது.

"வெட்டலையா நீங்க?"

"இல்ல."

"ஏன்?"

"நீ வரலையே."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள், மழையில், நாலே முக்கால் பஸ்ஸிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கினாள். பஸ் நிற்குமிடத்தில் யாரும் இல்லை. தானே குடை பிடித்து, மேடேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொங்குகிற துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மெலிந்திருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். சூசைமாணிக்கம் ஃபாக்டரியிலிருந்து வந்தபோது, அவள் தூளியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மாவோட மகன் வந்திருக்கான். பன்னெண்டு நாள் லீவு குடுத்திருக்காங்க" என்றாள். அவர் தலையாட்டினார். கூட்டத்தின் நடுவே அதற்குமேல் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் அவள் பெட்டியை எடுத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலையில் வைத்தார்.

ஊர் கவலையோடு காத்திருந்தது. வந்தவள் வெட்டிவிடுவாளோ, இன்றைக்கா நாளைக்கா? யாரும் கேட்கவில்லை; ஆனால் எல்லாரும் போர்வைகளை அவசர அவசரமாகக் கொண்டுவந்து காயவைத்தார்கள். முத்துப்பேச்சி சாப்பாடே சாப்பிடவில்லை. ஜெசிந்தாவும் எட்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. துணி மடித்தாள், குழந்தையைத் தன் மடியில் போட்டுக் காலை நீவிவிட்டாள், வந்தவர்களுக்குத் தேநீர் போட்டாள். கணவனும் மனைவியும் ஈரத்துணிகளின் இரண்டு பக்கத்திலும் இருந்துகொண்டு, துணிக்கு அடியில் தெரியும் கால்களை வைத்து ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்துகொண்டார்கள்.

எட்டாம் நாள் குழந்தையை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். இனிமேல் பயமில்லை, சாதாரணப் பிள்ளைதான் என்று நர்சம்மா சொன்னாள். முத்துப்பேச்சி அங்கிருந்து நேராக வந்து, தூளியைத் தானே அவிழ்த்து, புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அக்கா, இனிமே பயமில்லையாம்" என்றாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், ஜெசிந்தா வாசலில் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எல்லாரும் உங்க உங்க துணிய எடுத்துக்குங்க. நாங்க இன்னிக்குக் கதவச் சாத்திக்கிறோம்."

ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. கொடிகள் காலியாயின. மூன்று மாதத்தில் முதல்தடவையாக அந்த வீட்டின் நாலு சுவரும் தெரிந்தன. சூசைமாணிக்கம் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். லசானியாவை எடுக்க, கையில் சுற்றிக்கொள்ள ஈரத்துணி தேடினார். அதற்குள் ஜெசிந்தா குனிந்து, வெறுங்கையால் லசானியாத் தட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை பளபளவென்று, ரேகையே இல்லாமல், தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது.

"சுடலையா?"

"சுடுறது தெரியிறதில்லங்க. ரெண்டு வருஷம் இருக்கும்." அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வெந்நீருதான் எப்பவும். காலையில குளிப்பாட்டணும், சாயங்காலம் குளிப்பாட்டணும். அப்புறம் அந்தத் துணி வெளுக்குற மருந்து. மொதல்ல எரிஞ்சுச்சு. அப்புறம் எரியல."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க தாளு எவ்வளவு கனம்னுதானே கேட்டீங்க."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒன்பது வருடமாகத் தனியாக இருந்தது தான் ஒருத்தன் மட்டுமே என்று அவர் நினைத்திருந்தார். கத்தியை எடுத்து வெட்டினார். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவே நின்றது. பன்னிரண்டு தாளும் பிரியாமல், நடுவில் காரட்டும் பீன்ஸும் தெரிய, ஒரு துண்டு முழுசாக வந்தது. அவள் ஒரு வாய் எடுத்து மென்றாள்.

"அங்க செய்யுற மாதிரி இல்ல."

"நல்லா இல்லையா?"

"கற்பூரவல்லி போட்டிருக்கீங்க." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சளி பிடிச்சா எங்கம்மா கசக்கிக் குடுக்கும்."

"அங்க யார்கூட உக்காந்து சாப்பிடுவ?"

"உக்காந்தா? அந்த அம்மாவுக்கு ஊட்டிட்டு, அடுப்பு மேடையில வெச்சு நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். கூப்பிட்டா ஓடணுமே."

அதற்குப் பிறகு அவர்கள் பேசினார்கள். அவள் அந்த ஊரின் பனியைப் பற்றிச் சொன்னாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் மற்ற நாட்டுப் பெண்கள் கூடி நின்று அவரவர் பாஷையில் அழுவதைச் சொன்னாள்; அந்த வயசான அம்மா சில நாள் தன்னை மகள் என்று நினைத்துக்கொள்வதையும், சில நாள் திருடி என்று நினைத்துக்கொள்வதையும் சொன்னாள். அவர் ஆறின சோற்றைச் சொன்னார். பஸ் சத்தம் கேட்டால் ஃபாக்டரியில் தன் கை ஒரு நிமிடம் நின்றுவிடுவதைச் சொன்னார். அந்தியில் யானைகள் வந்து சுவரில் சாய்ந்த சத்தம் கேட்டது. அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. பேசிப் பேசி, ஆறு பேர் சாப்பிடுகிற தட்டை இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். கடைசித் துண்டு ஆறிப் போயிருந்தது. எந்தத் துண்டிலிருந்து ஆறத் தொடங்கியது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பெண் ஈரத்துணியோடு வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டைப் பார்த்து, "போச்சா?" என்றாள். "போச்சு" என்றார் சூசைமாணிக்கம். அவள் தலையாட்டிவிட்டு, துணியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனாள். ஊர் அதையும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் ஜெசிந்தா கிளம்பினாள். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரு என்று சொன்னால் அவள் இருந்துவிடக்கூடும், அந்த அம்மா அங்கே கையை நீட்டிக்கொண்டு கிடப்பாள் என்று அவருக்கு இப்போது தெரியும். கூடவே பஸ்ஸில் ஏறினார். மலையின் நாற்பது வளைவுகளிலும் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூக்கத்திலும் அவள் கை, யாரோ கூப்பிட்ட மாதிரி, திடுக்கென்று ஒருமுறை எழுந்து அடங்கியது. பொள்ளாச்சியில் கோயம்புத்தூர் பஸ் தயாராக நின்றது.

"அந்த அம்மா இருக்குற வரைக்கும்தாங்க" என்றாள்.

"தெரியும். கைக்கு எண்ணெய் தடவு."

திரும்பி வருகிற பஸ்ஸில் மேலே ஏற ஏறக் கூட்டம் குறைந்தது. கடைசி ஆறு கிலோமீட்டர் அவர் ஒருத்தர்தான் இருந்தார். வழக்கமாகப் பேச்சுக் கொடுக்கிற கண்டக்டர் அன்றைக்கு முன்சீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே கொடி முழுக்கத் துணி தொங்கியது. பாவாடைகள், சட்டைகள், கனகுவின் போர்வை, குழந்தையின் சின்னச் சின்னத் துண்டுகள். எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். தரையெல்லாம் தண்ணீர். ஆள் ஒருத்தரும் இல்லை. வீடு குகை மாதிரிச் சில்லென்று இருந்தது.

அவர் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"இங்கதான் சூடு இல்லையே, பேச்சி."

"தெரியும்ண்ணே." அவள் கொடியைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுல தொங்குனாலும் காயாது, இங்க தொங்குனாலும் காயாது. வெறுங்கொடியப் பார்த்துக்கிட்டு நீங்க உள்ள வர வேண்டாமேன்னு, எல்லாருமா கொண்டாந்து போட்டோம்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதல் துணியைக் கொடியிலிருந்து எடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய், இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து, உதறி, திரும்பக் கொண்டுவந்து போட்டார். பிறகு அடுத்ததை எடுத்தார். முத்துப்பேச்சி குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, போர்வையின் மறுமுனையைப் பிடிக்க வந்தாள்.